கரிச் சுரங்கப் படங்களும் கழன்றுபோன குறிப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப் பகுதியில் நிலக்கரி வெட்டியும் காடு வெட்டியும் வாழ்ந்த மக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான ஒளிப்படப் பக்கங்களைப் பார்த்தோம். தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொருளுக்கு இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கியது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. பழைய ஒளிப்படங்களை அடையாளம் கண்டு பட்டியலிடும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். படத் தேர்வு அருமை. ஆனால் படங்களுக்குக் கீழே இருந்த வரிகளில் பல தவறு. ஒரு படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. இன்னொன்றில் ஏற்றப்பட்ட வண்ணம் அந்த ஊரின் பெருந்துயரத்தையே மறைத்துவிட்டது. இப்படங்கள் வெறும் பழைய காட்சிகளாக நின்றுவிடக் கூடாது, சாட்சியங்களாகப் படிக்கப்பட வேண்டும் என்ற ஆசையில்தான் சற்று நீளமாக எழுதுகிறோம்.

முதல் பக்கத்தின் பெரிய படத்தையே எடுத்துக்கொள்வோம். இருட்டுக்குள் ஒரு கனத்த மரக்கதவு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன். ‘சுரங்கத்தில் சிறுவன், 19ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அது 1908 செப்டம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் லூயிஸ் ஹைன் என்ற ஒளிப்படக்காரர் எடுத்த படம். தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு என்ற அமைப்பு அவரை அந்த ஆண்டுதான் முழுநேரப் பணிக்கு அமர்த்தியது. ஒவ்வொரு படத்துக்கும் அவர் தன் கைப்படக் குறிப்பு எழுதிவைத்தார். இந்தப் படத்தின் குறிப்பில் பையனுக்கு 15 வயது, பல ஆண்டுகளாக இதே வேலை, 10 மணி நேரத்துக்கு நாளொன்றுக்கு 75 சென்ட் கூலி என்று இருக்கிறது. கதவைத் திறப்பதும் மூடுவதும்தான் வேலை; மற்ற நேரமெல்லாம் வண்டிகள் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். குறிப்பின் கடைசி வரி இன்னும் முக்கியம். கதவின் மேல் கிறுக்கியிருந்த படங்களும் எழுத்துகளும், சுரங்கத்தின் கடும் இருட்டில் ஹைன் கண்ணுக்கே தெரியவில்லை. கண்ணாடி நெகட்டிவைக் கழுவிய பிறகுதான் தெரிந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பையன் எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். உங்கள் பக்கத்தில் படத்தின் மேல்பகுதி வெட்டப்பட்டு, அந்தக் கிறுக்கல்களில் பாதி போய்விட்டன.

அந்தக் கதவு எதற்கு என்று வாசகர்களுக்கு ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். சுரங்கத்துக்குள் விசிறி தள்ளும் காற்று தானாகக் கரி வெட்டும் முகப்புவரை போய்ச் சேராது. குறுக்குவழி கிடைத்தால் அப்படியே திரும்பி வெளியே ஓடிவிடும். அந்தக் குறுக்குவழியை அடைத்து, காற்றை உள்ளே தொலைவுவரை சுற்றிப் போக வைப்பதுதான் கதவின் வேலை. வண்டிக் கோவை வரும் நேரத்தில் மட்டும் திறந்து உடனே மூடிவிட வேண்டும். திறந்தபடி விட்டால் உள்ளே காற்று தேங்கி மீத்தேன் சேரும். திறக்கத் தாமதித்தால் சரிவில் வரும் வண்டி கதவில் மோதும், பையனும் தப்ப முடியாது. இந்தப் படத்துக்கு ஒன்பது மாதம் முன்பு, 1907 டிசம்பர் 6 அன்று, அதே மாநிலத்தின் மோனங்கா என்ற ஊரில் நடந்த சுரங்க வெடிப்பில் அரசுக் கணக்குப்படி 362 பேர் இறந்தார்கள். அமெரிக்கச் சுரங்க வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை. கூட்டாட்சி அரசு சுரங்கங்களுக்கென்று தனித் துறையை 1910இல் ஏற்படுத்த அதுவும் அதைப் போன்ற விபத்துகளுமே காரணம். கதவருகே உட்கார்ந்திருந்த சிறுவனின் கையில் இருந்தது எத்தனை பேருடைய உயிர் என்று இதிலிருந்து புரியும்.

அடுத்த படம், கரித்தூள் படிந்த முகங்களோடு நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் சிறுவர் கூட்டம். இதை மேற்கு வர்ஜீனியா என்று போட்டிருக்கிறீர்கள். இது 1911 ஜனவரியில் பென்சில்வேனியாவின் பிட்ஸ்டன் ஊரில் எடுக்கப்பட்டது. குறிப்பு இல்லாமலேயே இதைக் கண்டுபிடிக்க முடியும். வடகிழக்குப் பென்சில்வேனியாவில் கிடைப்பது ஆந்த்ரசைட் எனும் கெட்டிக் கரி. அதை உயரமான மரக் கட்டடத்தின் உச்சிக்கு ஏற்றி, உருளைகளில் உடைத்து, சரிவுப் பாதைகளில் கீழே விடுவார்கள். பையன்கள் அந்தச் சரிவுகளின் குறுக்கே பலகை போட்டு உட்கார்ந்து, ஓடும் கரியைக் காலால் தடுத்து, கல்லைக் கையால் பொறுக்கி எறிவார்கள். கையுறை போட்டால் கல்லும் கரியும் தொட்டுத் தெரியாது என்பதால் வெறுங்கைதான். விரல் நுனிகள் வீங்கி வெடித்து ரத்தம் கசியும். தூசி சில வேளை எதிரில் இருப்பதே தெரியாத அளவுக்கு அடர்ந்திருந்தது என்றும், அது பையன்களின் நுரையீரலின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்தது என்றும் ஹைன் எழுதியிருக்கிறார். மேற்கு வர்ஜீனியாவிலும் கென்டக்கியிலும் இருப்பது எளிதில் நொறுங்கும் பிட்டுமினஸ் கரி. அங்கே இப்படி உடைக்கும் கட்டடம் தேவைப்படவில்லை. மலைச்சரிவில் சுரங்க வாயும், அதற்குக் கீழே ரயில் பாதைக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் கரி கொட்டும் மேடையும் இருக்கும். அந்த மேடையில் ஆடும் சல்லடைகள் கரியை அளவுவாரியாகப் பிரித்து நேராக ரயில் பெட்டிகளில் கொட்டும். ஹைன் மேற்கு வர்ஜீனியாவில் எடுத்த சிறுவர் படங்களில் கதவுக்காரப் பையன்களையும், கோவேறு கழுதை ஓட்டும் பையன்களையும், மேடையில் வேலை பார்த்த பையன்களையும்தான் பார்க்கலாம். வரிசையாகப் பலகையில் உட்கார்ந்து கல் பொறுக்கும் கூட்டத்தைப் பார்த்தால் முதலில் பென்சில்வேனியாவைத்தான் நினைக்க வேண்டும்.

காலத்தைக் கணிக்கத் தொப்பியைப் பாருங்கள். துணித் தொப்பியின் முன்னால் சிறு தேநீர்க் கெண்டி போன்ற தகர விளக்கு தொங்கினால் அது எண்ணெய்த் திரி விளக்கு. 1908இல் ஹைன் எடுத்த பையன்களின் தலையில் இருப்பது அதுதான். வட்டமான பளபளப்புத் தட்டும் நடுவில் சிறு சுடரும் இருந்தால் கார்பைடு விளக்கு. மேல் அறையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழ் அறையில் உள்ள கால்சியம் கார்பைடின் மேல் விழ, எழும் அசெட்டிலின் வாயு எரியும். இது 1900க்குப் பிறகு வந்து, 1910களில் பரவலானது. இடுப்பில் பேட்டரி, முதுகு வழியாக ஏறும் கம்பி, தலையில் மின்விளக்கு என்றால் அநேகமாக 1914க்குப் பிந்தைய படம். கெட்டியான தலைக்கவசம் பொதுவாக 1920, 30களைச் சேர்ந்தது. ஒன்றை மறக்கக் கூடாது. விளக்கு சொல்வது ‘இதற்கு முன் இல்லை’ என்பதை மட்டுமே. சிறு சுரங்கங்களில் கார்பைடு விளக்கு பல ஆண்டுகள் நீடித்தது. ஆகவே கார்பைடு இருப்பதாலேயே படம் பழையது என்று முடிவு கட்ட முடியாது.

முகங்களை வைத்து மனிதர்களின் இனத்தைக் கணிப்பதும் ஆபத்து. தங்கள் பக்கத்தில் அப்படியொரு வரி இருந்தது. அக்காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள் சிவப்பு ஒளியை ஏற்காதவை. சிவந்த தோல் கறுத்துத் தெரியும், நீல வானம் வெறும் வெள்ளையாகத் தெரியும். அதன் மேல் கரித்தூளும் படிந்தால் இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்தவரையும் அலபாமாவிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளியையும் பல படங்களில் பிரித்தறிய முடியாது. மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதிச் சுரங்கங்களில் மூவரும் ஒரே பாதையில் வேலை பார்த்தார்கள் என்பது வரலாறு. யார் எவர் என்பதைச் சம்பளப் பதிவேடும் குறிப்பும் சொல்லட்டும்.

இனி மர வெட்டு. தங்கள் இரண்டாம் பக்கத்தின் நடுவில் மலைச்சரிவில் நிற்கும் நீராவி எஞ்சின், பின்னால் பெருமரங்கள் ஏற்றிய வண்டிகள், முன்னால் கோடரியோடு ஆட்கள். எஞ்சின் ஷே வகையைச் சேர்ந்தது. சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும். ஷே எஞ்சினில் இரண்டோ மூன்றோ சிலிண்டர்கள் ஒரே பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். அவை பக்கவாட்டில் ஓடும் ஒரு நீண்ட சுழல்தண்டைத் திருப்ப, அதிலுள்ள பற்சக்கரங்கள் எல்லாச் சக்கரங்களையும் உருட்டும். ஒரு பக்கம் கூடும் எடையைச் சமன்செய்யக் கொதிகலனை மறுபக்கமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் கோணலாக இருப்பது போலத் தோன்றும். ஒகையோ மாநிலத்தின் லைமா ஆலையில் 2,700க்கும் மேல் செய்யப்பட்ட இந்த எஞ்சின்களில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர, சிலிண்டர்கள் இருப்பது வலப்பக்கத்தில். ஓட்டுநர் அமரும் பக்கமும் அதுவே. தங்கள் படத்தில் அவை இடப்பக்கம் இருக்கின்றன! கண்ணாடி நெகட்டிவின் மருந்துப் பூச்சுள்ள முகத்தைத் தவறாக வைத்து அச்செடுத்தாலோ ஸ்கேன் செய்தாலோ இப்படித்தான் ஆகும். எழுத்தும் எண்ணும் மங்கலாக இருக்கும் படத்தில் பிழையைப் பிடிக்க இந்த எஞ்சினைப் போல உதவும் பொருள் வேறில்லை. எஞ்சின் இல்லாத படமென்றால் ஆண்களின் கோட்டுப் பொத்தானைப் பாருங்கள். இடப்பக்க மடிப்பு மேலே வந்து வலப்பக்க மடிப்பை மூட வேண்டும்.

சிலிண்டர்கள் இரு பக்கமும் ஒவ்வொன்றாகச் சாய்வாக இருந்தால் அது பென்சில்வேனியாவின் கோரி நகரில் செய்த கிளைமாக்ஸ். கொதிகலனுக்கு அடியில் இரண்டு சிலிண்டர்கள் வி வடிவில் சேர்ந்தால், ஈரி நகரின் ஹைஸ்லர். மூன்றுமே காட்டு வேலைக்கென்று பிறந்தவை. சாதாரண ரயில் பாதையில் 100 அடிக்கு 2 அடி ஏற்றம் என்பதே செங்குத்துதான். மேற்கு வர்ஜீனியாவின் காஸ் ஊரிலிருந்து சீட் மலைக்கு ஏறிய மரப்பாதையில் அது சில இடங்களில் 11 அடிவரை போனது. அந்த ஊர் 1901இல் காகித நிறுவனம் ஒன்றால் உருவாகி, அடுத்த ஆண்டு மர அறுவை ஆலை ஓடத் தொடங்கி, 1960 ஜூலையில் மூடப்பட்டது. 1963இல் அதே பாதை சுற்றுலா ரயிலாக மறுபிறவி எடுத்ததால், 1905இல் செய்த ஷே எஞ்சின் ஒன்றை இன்றும் அங்கே ஓடும் நிலையில் பார்க்கலாம். பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அதே பக்கத்தின் கீழ் மூலையில், சரிவெங்கும் வெள்ளை வெளேரென்று கிடக்கும் அடிமரங்கள். ‘பனி படர்ந்த மரங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அது பனி கிடையாது. பட்டை உரித்த ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் அவை. தோல் பதனிடும் ஆலைகளுக்கு அந்தப் பட்டைதான் துவர்ப்புச் சத்து தந்தது. மரத்தைச் சாய்த்து, நான்கடிக்கு ஒரு வளையமாகக் கோடரியால் வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, தட்டையான இரும்புக் கரண்டி போன்ற கருவியை உள்ளே செருகி நெம்பினால் பட்டை தகடாகக் கழன்று வரும். மரத்தில் சாறு ஓடும் மே முதல் ஆகஸ்டு வரைதான் அப்படிக் கழலும். குளிரில் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே இப்படி ஒரு படம் கிடைத்தால் ஆண்டு தெரியாவிட்டாலும் பருவம் தெரிந்துவிடும். தங்கள் படம் பனிக்காலத்துப் படமாக இருக்க வாய்ப்பே இல்லை. உரித்த மரம் சோப்புக் கட்டி போல வழுக்கும். சங்கிலி தவறினால் சரிவில் தானே ஓடிவரும். ஆளும் குதிரையும் அதற்குக் கீழே நிற்கக் கூடாது. ஹெம்லாக்கில் பட்டைக்குத்தான் நல்ல விலை. சில இடங்களில் பட்டையை எடுத்துக்கொண்டு மரத்தை அப்படியே அழுகவிட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மரம் ஏற்றும் ரயில் வண்டிகளின் மேலேயே தண்டவாளம் பதித்து, அதன் மேல் ஊர்ந்து வண்டிக்கு வண்டி நகரும் நீராவிப் பளுதூக்கியையும் இந்தப் படங்களில் காணலாம். பார்ன்ஹார்ட் என்று பெயர். அதற்கு முன் ஆட்கள் சாய்வுக் கட்டைகள் வைத்து உருட்டித்தான் ஏற்றினார்கள். இந்த இயந்திரங்கள் வந்த பிறகு 1920க்குள் மேற்கு வர்ஜீனியாவின் கன்னிக்காடு ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துபோனது. வெட்டிப் போட்ட கிளைகளில் எஞ்சின் தீப்பொறி விழுந்து பற்றிய நெருப்பு, டாலி சாட்ஸ் போன்ற உயர்மேடுகளில் மண்ணின் மட்கையே எரித்துப் பாறையை வெளியே கொண்டுவந்தது. ஆற்றுத் தலைப்பகுதிக் காடுகளை அரசு விலைக்கு வாங்க வழிசெய்த வீக்ஸ் சட்டம் 1911இலும், மோனங்காஹீலா தேசியக் காடு 1920இலும் வந்தது இந்த அழிவைப் பார்த்துத்தான். செஸ்ட்நட் மரங்களின் கதை தனி. 1904இல் நியூயார்க்கில் முதலில் கண்ட பூஞ்சை நோய் தெற்கே பரவி, 1940களுக்குள் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. நின்றபடியே பட்டையுதிர்ந்து வெளுத்த தோப்பைக் காட்டும் படத்துக்குக் ‘காட்டுத்தீ’ என்று எழுதும் முன் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மலையடிவாரத்தில் தேன்கூடு போல வரிசையாகப் புகையும் செங்கல் அடுப்புகளின் படம், இரும்பு உருக்கப் பயன்படும் கோக் கரி சுடுமிடம். சுமார் 12 அடி விட்டம். உச்சித் துளை வழியாகக் கரியைக் கொட்டி, கதவைச் செங்கல்லால் அடைத்து, 48 மணி நேரம் வேகவிட்டு, தண்ணீர் தெளித்து அணைத்து, நீண்ட இரும்புக் கோலால் கையால் இழுத்தெடுப்பார்கள். ஞாயிறு இழுக்காமல் இருக்க வாரக் கடைசியில் 72 மணி நேரச் சூடு போடுவதும் உண்டு. அதனால் எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் படம் அபூர்வம். ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் இழுத்தார்கள்.

இப்போது அந்த வண்ணப் படத்துக்கு வருகிறோம். ஸ்காட்ஸ் ரன் என்பது மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனுக்கு அருகில் உள்ள குறுகிய சுரங்கப் பள்ளத்தாக்கு. 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் பென் ஷானும் வாக்கர் எவன்ஸும் 1935இலும், மேரியன் போஸ்ட் வால்காட் 1938 செப்டம்பரிலும் அரசின் மறுகுடியேற்ற, பண்ணைப் பாதுகாப்புத் துறைகளுக்காக அங்கே படம் எடுத்தார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. தங்கள் இணைப்பில் கணினியால் வண்ணமேற்றி, வீடுகளுக்கு முன்னால் ஓடும் ஓடையைத் தெளிந்த நீலமாக்கியிருக்கிறீர்கள். கரியோடு இருக்கும் பைரைட் என்ற கந்தக இரும்பு, காற்றும் தண்ணீரும் பட்டதும் கந்தக அமிலமாகவும் இரும்பாகவும் பிரிகிறது. இரும்பு ஓடையின் அடியில் செம்மஞ்சள் சேறாகப் படியும். மீன் வாழாது, குழாய் அரிக்கும், துணி துவைத்தால் கறை பிடிக்கும். சுரங்க அமில நீரால் கெட்ட ஓடைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஓடைகளில் ஸ்காட்ஸ் ரன் ஒன்று. கறுப்பு வெள்ளைப் படம் ஓடையின் நிறத்தைச் சொல்லாமல் விட்டது. வண்ணமேற்றிய படம் அதைப் பற்றிப் பொய் சொல்கிறது. தயவுசெய்து இந்தப் படங்களுக்கு வண்ணம் ஏற்றாதீர்கள்.

அதே தொகுப்பின் இன்னொரு படத்தில் வானத்தில் தெரியும் கரும் வட்டம் கிரகணமோ அச்சுக் கோளாறோ இல்லை. அந்த அரசுத் துறைகளின் ஒளிப்படத் திட்டத்துக்குத் தலைவரான ராய் ஸ்ட்ரைக்கர் வேண்டாம் என்று ஒதுக்கிய நெகட்டிவ்களில் துளையிடும் கருவியால் ஓட்டை போடச் செய்தார். ஓட்டை வழியாக ஒளி முழுவதும் பாய்வதால் அச்சில் அது கன்னங்கறுப்பாக விழும். ஒதுக்கப்பட்ட படங்களுக்குப் பெரும்பாலும் குறிப்பு எழுதப்படவில்லை. ஆனால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பதிவில் அடுத்தடுத்த எண்களைத் திறந்து பார்த்தால், அதே தெருவில் அதே மணி நேரத்தில் எடுத்த, குறிப்புள்ள படம் பல நேரம் கிடைத்துவிடும். ஊரும் மாதமும் அப்படித்தான் தெரியவரும்.

வீட்டுக்குள் சுவரெங்கும் செய்தித்தாளும் விளம்பர அட்டையும் ஒட்டியிருக்கும் படத்தை அலங்காரம் என்று விளக்கியிருந்தீர்கள். கம்பெனி வீடுகள் பலவற்றின் சுவர் ஒற்றைப் பலகை. பலகைகளை நெட்டாக நிறுத்தி, இடுக்கின் மேல் மெல்லிய சட்டம் அடித்ததோடு சரி; உள்ளே வேறு சுவர் கிடையாது. மரம் காய்ந்து சுருங்கினால் இடுக்கு விரியும், குளிர்காற்றும் கரித்தூளும் உள்ளே வரும். மாவுப் பசை காய்ச்சித் தாள் தாளாக ஒட்டியது அதைத் தடுக்கத்தான். அழகாகவும் இருக்கட்டும் என்று படமுள்ள பக்கங்களைத் தேர்ந்து ஒட்டியவர்களும் உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் சில படங்களில் தாளின் தேதியே படிக்கக் கிடைக்கும். படம் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது உறுதியாகிவிடும்.

படத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும். கென்டக்கியின் ஜென்கின்ஸ் நகரைக் கட்டிய கன்சாலிடேஷன் நிலக்கரி நிறுவனம் எடுத்துவைத்த படங்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புத்தம் புதிய வீடுகள், மின்நிலையம், விளையாட்டுத் திடல் என எல்லாம் ஒழுங்காக இருக்கும். அவை பொய்ப் படங்கள் அல்ல. நகரம் புதிதாக இருந்த நாளில், முதலாளி காட்ட விரும்பிய கோணத்தில் எடுத்தவை. குழந்தைத் தொழிலாளர் குழுவுக்கோ, குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வேண்டியிருந்தது. ஹைன் எடுத்தவற்றில் அதற்கு உதவும் முகங்கள்தான் முன்னால் நிற்கின்றன. 1916இல் வந்த முதல் கூட்டாட்சிச் சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1938 வரை நாடு தழுவிய தடை நிலைக்கவில்லை. 1946இல் நடந்தது வேறு. வேலைநிறுத்தத்தின்போது அரசே சுரங்கங்களைக் கையகப்படுத்தி, மே 29 அன்று சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் லூயிஸோடு ஒப்பந்தம் செய்தது. அதன்படி கடற்படை மருத்துவ அதிகாரி ஜோயல் பூன் தலைமையில் சுரங்க ஊர்களின் சுகாதாரம் ஆய்வு செய்யப்பட, ரஸ்ஸல் லீ அதற்காக ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார். குடிநீர்க் குழாய் எங்கே, கழிப்பறை எங்கே, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைக் காட்டுவதே அந்தப் படங்களின் நோக்கம். அவற்றில் ஒன்றைக் ‘கிராமத்து அழகு’ என்ற தலைப்பில் போட்டது எங்களுக்கு வருத்தம்.

எங்களுக்கு மிகப் பிடித்தவை, தொழிலாளர்கள் தங்கள் கைக்காசு கொடுத்து வாங்கிய குழுப் படங்கள். மேற்கு வர்ஜீனியாவின் மவுன்ட் ஹோப் ஊரில் இருந்த ரூஃபஸ் ரிபிள் என்ற ஒளிப்படக்காரர் சுரங்கம் சுரங்கமாகப் போய், ஷிப்டு ஆட்கள் அனைவரையும் ஒரே நீளப் படத்தில் எடுத்தார். அதற்கான சர்க்கட் கேமரா தாங்கியின் மேல் தானே சுழலும். உள்ளே ஃபிலிம் எதிர்த்திசையில் ஓடும். நேர்கோட்டில் ஆட்களை நிறுத்தினால் நடுவில் இருப்பவர் பெரிதாகவும் ஓரத்தில் இருப்பவர் சிறிதாகவும் விழுவார்கள். அதனால் கேமராவை மையமாக வைத்து வில் போல நிறுத்துவார்கள்; படத்தில் வரிசை நேராகிவிடும். ஆனால் பின்னால் நேராக இருக்கும் கரி மேடையும் ரயில் பாதையும் வளைந்து தெரியும். அதைப் பார்த்து ‘வளைந்த பாதை’ என்று எழுதிவிடக் கூடாது. சுழற்சி சீராக இல்லாவிட்டால் செங்குத்துப் பட்டைகள் விழும். கேமரா தாண்டும் நொடியில் தலை திருப்பியவரின் முகம் இழுபட்டோ ஒடுங்கியோ போகும். பரணில் சுருட்டிக் கிடந்த இத்தகைய படம் எங்கே கிடைத்தாலும் வலிந்து விரிக்கக் கூடாது. காய்ந்த ஜெலட்டின் பூச்சு குறுக்காக வெடித்துவிடும். ஈரப்பதமூட்டி மெல்ல இளக்கித்தான் விரிக்க வேண்டும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இவைதான். இந்தத் தொடரின் அடுத்த பகுதியில் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர், ஊர், மாதம், ஆண்டு, யாருக்காக எடுத்தார், எந்தக் காப்பகம், பதிவு எண் என்ற விவரங்களைச் சிறு எழுத்திலாவது போடுங்கள். ஹைனின் குறிப்பு இருக்கும் படத்தில் அவர் எழுதியதை முழுவதுமாகத் தமிழில் கொடுங்கள். நாடாளுமன்ற நூலகத்தில் உள்ள 5,100க்கும் மேற்பட்ட குழந்தைத் தொழிலாளர் படங்களையும், பண்ணைப் பாதுகாப்புத் துறைப் படங்களையும், தேசிய ஆவணக் காப்பகத்தின் 1946 படங்களையும் கட்டணமின்றி வெளியிடலாம். தேடல் தளங்களில் சுற்றும் நகல்களை விட்டுவிட்டு, காப்பகத்தின் டிஃப் (TIFF) எனும் தரம் குறையாத படக் கோப்பையே இறக்கிக்கொள்ளுங்கள். ஓரம் வெட்டாத முழுப் படமும் குறிப்பும் அங்கேதான் இருக்கின்றன. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வட்டார வரலாற்று மையத்தில் மர வெட்டுப் படங்கள் ஏராளம். அவற்றுக்கு மட்டும் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். கதவருகே இருக்கும் பையனின் படத்தை மட்டுமாவது, கிறுக்கல்கள் முழுவதும் தெரியும்படி இன்னொரு முறை வெளியிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறோம். ஷே எஞ்சின் படத்தைத் திருப்பி வைத்து அச்சிட்டு, ஒரு வரி திருத்தமும் சேர்த்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
ஒளிப்பட ஆவணப் பணியாளர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி